ஊமைப் பொத்தான்

சத்யநாராயணன் திருநீர்மலைக் கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை அடிவாரத்துப் பூக்கடை ஓரத்தில் விடுவான். இன்னொன்றை எதிர்ப்பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் விடுவான். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது அவன் யோசனை. தரிசனம் முடிந்து இறங்கியதும் அவன் மனைவி பட்டு வெயிலில் நின்றுகொண்டிருப்பாள், இவன் ஒற்றைக் காலில் செருப்போடு நொண்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பான். நான் நேரில் பார்த்ததில்லை, பட்டு சொல்லித்தான் தெரியும். ஆனால் அவனைத் தெரிந்த யாரும் இதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

என் பெயர் அத்தாவுல்லா. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சத்யாவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். பரீட்சைத் தாளைக் கொடுத்த பிறகும் அவன் நகர மாட்டான். வாத்தியார் அதைக் கட்டுக்குள் வைக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவான். பெரியவனானதும் இந்தக் குணத்துக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு வேலை கிடைத்தது. ஓ.எம்.ஆரில் ஏதோ ஒரு பேங்குக்காக நடக்கும் ஆபீஸ். யாருடைய கார்டில் யார் பணம் எடுக்கிறார்கள், எது நிஜம், எது திருட்டு என்று நாள் முழுக்கச் சந்தேகப்பட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். மற்றவர்கள் சந்தேகத்தை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவன் அதையும் கூட்டிக்கொண்டு சிட்லபாக்கம் வருவான்.

அவனைக் கேலி செய்கிறேனே தவிர, அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய சந்தேகத்தால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊரே எழுதுகிற, படம் போடுகிற, சண்டை பிடிக்கிற அந்தப் பெரிய சமூகத் தளம் எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நோட்டீஸ் வரும் என்று சத்யா என்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறான். சில வருடங்களுக்கு முன்னால் அந்தத் தளத்தின் மேல் அவனுக்குச் சந்தேகம் வந்தது. நண்பர்கள் எழுதுவதை அது மறைக்கிறது, தனக்கு வேண்டியதை மட்டும் மேலே தள்ளிக் காட்டுகிறது என்றான். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். அப்போது தளத்துக்கு ஒரு பின்வாசல் இருந்தது. வெளியாள் எவன் வேண்டுமானாலும் அந்த வழியாகப் பதிவுகளை எடுத்து, தன் ஆப்பில் தன் இஷ்டப்படி காட்டலாம், காசு கிடையாது. சத்யா லீவு நாட்களில் உட்கார்ந்து சொந்தமாக ஓர் ஆப் செய்தான். யார் எப்போது எழுதினார்களோ அந்த வரிசையில் காட்டும், விளம்பரம் இருக்காது. பெயரும் 'வரிசை' என்றே வைத்தான்.

அதில் இன்னொரு விசேஷம், பொத்தான்களில் படமே கிடையாது. எல்லாம் தமிழ் எழுத்து. 'பதில் எழுது', 'பிடித்திருக்கிறது', 'மேலே போ'. ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு, "இதயத்தைத் தொட்டா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்னு எவன் முடிவு பண்ணான் பாய்? எனக்கு அதைப் பாத்தா நெஞ்சு வலின்னு தோணுது. படத்தை நம்பக் கூடாது. எழுத்து பொய் சொல்லாது" என்றான்.

படத்தை நம்பாத இந்தக் கிறுக்குத்தனத்தால் அவனுக்குத் தெரியாமலே ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. பார்வை இல்லாதவர்கள். அவர்களுடைய போன் திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். வெறும் படமாக இருந்தால் அதற்குச் சொல்லத் தெரியாது. எல்லாப் பொத்தானிலும் எழுத்து இருந்த 'வரிசை' அவர்களுக்குத் தோதாகிவிட்டது. ஒரு நாள் செல்வமேரி என்ற பெயரில் சத்யாவுக்கு மெயில் வந்தது. "சார், உங்க ஆப்புல ஊமைப் பொத்தான் ஒண்ணுகூட இல்ல. ரொம்ப நன்றி." சத்யா அதைப் பலமுறை படித்தான். ஊமைப் பொத்தான் என்றால் என்ன, யார் இந்த செல்வமேரி, எதற்காகப் புகழ்கிறாள், அடுத்து ஏதாவது லிங்க் அனுப்பப் போகிறாளா என்று என்னிடம் கேட்டான். பதில் மட்டும் போடவில்லை. நன்றி சொன்னவளைக்கூடச் சந்தேகிக்கிற ஜென்மத்தை என்ன செய்வது?

பிறகு அந்த இடி விழுந்தது. பின்வாசல் வழியாக வருகிறவர்கள் இனிமேல் ஒவ்வொரு எடுப்புக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்று தளம் அறிவித்தது. சத்யா முதலில் அது போலி மெயில் என்றான். நிஜம் என்று தெரிந்ததும் தளம் திவாலாகப் போகிறது என்றான். கட்டணம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவன் முகமே சொன்னது. இதே மாதிரி ஆப் நடத்திய பல பேர் ஒரே மாதத்தில் கடையை மூடிக்கொண்டு போனார்கள். இவன் மூச்சு முட்ட முட்டத் தாக்குப்பிடித்துப் பார்த்தான். நிமிடத்துக்கு நிமிடம் பதிவுகளை எடுத்ததை நிறுத்தி, காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று எடுத்தான். "பழைய செய்தியா காட்டுறான், யார்கிட்டயோ காசு வாங்கிட்டான்" என்று எழுதினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சந்தா கொடுங்கள் என்று கேட்டான். "தளத்து மேல பழியைப் போட்டு வூடு கட்டுறான்" என்று எழுதினார்கள். ஊரையே சந்தேகித்தவனை ஊரே திருப்பிச் சந்தேகித்தது. எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருந்தாலும் அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு வழி தெரிந்தது. பார்வை இல்லாதவர்கள் போன்றவர்களுக்காக லாபமில்லாமல் நடக்கும் ஆப்புகளுக்குக் கட்டணம் கிடையாது என்று தளம் ஒரு விலக்கு வைத்திருந்தது. சத்யாவுக்கு அப்போதுதான் செல்வமேரியின் மெயில் ஞாபகம் வந்தது. விண்ணப்பித்தான். தற்காலிகமாக விலக்கு கிடைத்தது. ஆனால் நிபந்தனை உண்டு. பார்வை உள்ளவர்கள் யாரும் அதில் இருக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து ஒரு கேள்வி வரும், அதற்குச் சரியான பதில் சொன்னால் விலக்கு நிற்கும், இல்லாவிட்டால் ஆப்பை மூட வேண்டியதுதான்.

சத்யா ஆப்பில் அறிவிப்புப் போட்டான். பார்வை இல்லாதவர்களும் மிகவும் குறைந்தவர்களும் மட்டும் இருங்கள், அப்படி இருப்பவர்கள் இந்தக் கட்டத்தில் டிக் செய்யுங்கள், மற்றவர்கள் தயவுசெய்து விலகிவிடுங்கள் என்று. ஒருவர்கூட விலகவில்லை. அத்தனை பேரும் டிக் செய்தார்கள். ஒரே வாரத்தில் தென்சென்னைப் புறநகரில் பாதிப் பேருக்குப் பார்வை போய்விட்டது.

கடைக்கு வந்து குதித்தான். "மேடவாக்கத்துல சாம்பசிவன்னு ஒருத்தர் இருக்கார் பாய். கட்டத்துல டிக் போட்டுட்டு, மறுநாளே எழுத்தோட கலர் மங்கலா இருக்கு, மாத்துங்கன்னு எனக்கு எழுதறார்! இவங்களோட மல்லுக்கட்டினா நான் பைத்தியமாயிடுவேன். உங்க கடையில பொய் சொல்றவனை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

கண்ணாடிக் கடைக்குப் பொய் சொல்கிறவர்கள் நிறைய வருவார்கள். லைசென்ஸுக்காக எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். கூடப் படிக்கிற பெண் போட்டிருக்கிறாள் என்று கண்ணாடி கேட்டு, கண் தெரியவில்லை என்று அழுகிற பிள்ளைகளும் வரும். அந்த மாதிரி ஆசாமிகளுக்குப் பவரே இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிவிடுவேன். "ஆஹா, இப்ப நல்லாத் தெரியுது" என்றால் ஆள் மாட்டினார். இதைத்தான் சத்யாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று பட்டு இன்றைக்கும் சொல்கிறாள். நான் சொன்னது கண்ணாடியைப் பற்றி. அதை ஆப்பில் கொண்டுபோய் மாட்டியது அவள் புருஷன்.

அவன் செய்தது இதுதான். ஆப்பின் முகப்பில் ஒரு புதிய பொத்தானை வைத்தான். பளிச்சென்ற நிறத்தில் ஒரு படம், படத்துக்குள்ளேயே 'இங்கே தொடவும்' என்ற எழுத்து. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் போன் படித்துச் சொல்லாது. ஆகவே பார்வை இல்லாதவர்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது, தொட மாட்டார்கள். பார்வை உள்ளவன் படித்துவிட்டுத் தொடுவான். தொட்டால் ஆப் அவனை வெளியே தள்ளிவிடும். தள்ளும்போது காட்டுவதற்கு ஒரு வரியும் எழுதியிருந்தான்: 'உங்களுக்குப் பார்வை இருக்கிறது. வணக்கம்.'

அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அவனே ரசித்துச் சிரித்தான். எனக்கு அது கொஞ்சம் துடுக்காகத் தெரிந்தது. ஆனாலும் நானும் சிரித்தேன்.

பொறி வைத்த முதல் நாளிலிருந்தே ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். சத்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் என் கடைப் பெண்ணுக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான், அது அவன் வாழ்க்கையில் நடக்காத காரியம். தளத்திலிருந்து கேள்வியும் வந்துவிட்டது. உங்கள் ஆப்பில் இருப்பவர்களுக்குப் பார்வை இல்லை என்பதை எப்படி உறுதி செய்கிறீர்கள்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். பொறியைப் பற்றி விலாவாரியாக எழுதி அசத்தப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஒரு அம்மாள் படியேறி வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நீலத்தில் கட்டம்போட்ட காட்டன் புடவை, தோளில் ஆபீஸ் பை.

"இது இன்னா கடை?" என்றார்.

"மூக்குக் கண்ணாடிக் கடைம்மா."

"நல்லாக் கீது போ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், "வரிசை ஆப்போட அட்ரஸ்னு போன்ல இதைத்தான் போட்டுக்கீது. என் பேரு செல்வமேரி. சத்யநாராயணன் யாரு? நீங்களா?" என்றார்.

எனக்கு விஷயம் புரிந்தது. ஆப் வைத்திருப்பவன் தன் முகவரியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கொடுக்க வேண்டுமாம். எவனாவது வீட்டுக்கு வந்துவிடுவான் என்று சத்யா, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் கடை முகவரியைக் கொடுத்துவிட்டான்! அவருக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு, அதாவது நாற்காலி எங்கே என்று சொல்லிவிட்டு, சத்யாவுக்குப் போன் செய்தேன். "உடனே வாடா. செல்வமேரி வந்திருக்காங்க" என்றேன்.

அவன் வருவதற்குள் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். குரோம்பேட்டையில் ஓர் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். சானடோரியத்தில் தனியாக வீடு எடுத்து இருக்கிறார். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. கல்யாணம் வேண்டாம் என்று தானேதான் சொன்னாராம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். அதை அழுத்திச் சொன்னார்.

சத்யா உள்ளே வந்தான். வந்தவன் வணக்கம் சொல்ல வேண்டாமா? வாசலிலேயே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சத்தம் போடாமல் பக்கத்தில் போய், அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கையிலேயே ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

"காத்து அடிக்குது சார்," என்றார் செல்வமேரி. "கையை இறக்குங்க."

சத்யா இறக்கினான். ஆனால் அடங்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்க அந்தப் பொத்தானைத் தொட்டிருக்கீங்க. அதுல எழுதியிருக்கறதைப் படிக்காம எப்படித் தொட்டீங்க? அது மட்டுமில்ல, உங்க கணக்கைப் பாத்தேன். தினமும் போட்டோ போடறீங்க. பார்வை இல்லாதவங்க எதுக்கு போட்டோ எடுக்கணும்?"

"எனக்குத் தெரியாததைத்தானே எடுக்கணும்? தெரிஞ்சதை எதுக்கு எடுக்கிறது?" என்றார் அவர். "புடவையில கறை கீதான்னு எடுத்துப் போடுவேன். பால் பாக்கெட்டுல தேதி இன்னான்னு போடுவேன். ஒரு நாள் மழை வந்துகினு இருந்துச்சு, சும்மா வானத்தை எடுத்துப் போட்டேன். தூத்துக்குடியிலருந்து எப்சின்னு ஒரு பொண்ணு, உன் ஆப்புல இல்ல, நேரா தளத்துல கீறது, மேகம் எந்தப் பக்கம் கருப்பு, எந்தப் பக்கம் வெளுப்புன்னு அவ்ளோ நீளமா எழுதிச்சு. இதெல்லாம் பக்கத்து வூட்டுல கேக்கலாம். ஆனா அங்க கேட்டா பதிலோட 'ஐயோ பாவம்' சேர்ந்து வரும். இவங்க யாருக்கும் நான் யாருன்னே தெரியாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவாங்க. அதை நீ பிடுங்கிட்ட சார். ஒரு வாரமா புடவையை மோந்து பாத்துக் கட்டிக்கினு போறேன்."

அந்தப் புடவையில் கறை எதுவும் இல்லை. அதைச் சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, சொல்லாமல் இருந்துவிட்டேன்.

சத்யா மெதுவாகக் கேட்டான். "சரி மேடம். அந்தப் பொத்தானை ஏன் தொட்டீங்க?"

"தொடாம? அது ஊமைப் பொத்தானாச்சே!"

"அப்படின்னா?"

"போன்ல விரலை நகத்திக்கினே வருவோம். ஒவ்வொண்ணுத்து பேரையும் போன் சொல்லிக்கினே வரும். சிலது மேல வெச்சா 'பொத்தான்'னு மட்டும் சொல்லும், பேரைச் சொல்லாது. அதான் ஊமைப் பொத்தான். எல்லா ஆப்புலயும் கீது. பணம் கட்டுற பொத்தான்கூட ஊமையா கீது, இன்னா பண்ணுவோம்? அமுக்கிப் பாத்துத்தான் அது இன்னான்னு தெரிஞ்சுக்கணும். உன் ஆப்புல மட்டும்தான் அது இல்லாம இருந்துச்சு. திடீர்னு ஒண்ணு வந்துச்சு. புதுசா ஏதோ வெச்சுக்கிறாருன்னு நாங்க எல்லாரும் அமுக்கினோம்."

"எல்லாரும்னா?"

"எனக்குத் தெரிஞ்ச அத்தினி பேரும்."

சத்யாவின் முகம் வெளுத்தது. எனக்கு வேறு ஒரு சந்தேகம் தட்டியது. "டேய், அந்த மேடவாக்கம் சாம்பசிவன் பொறியில விழுந்தாரா?" என்றேன். போனில் தேடிப் பார்த்தான். விழவில்லை. அங்கேயே அவருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"சார், வரிசை ஆப்லேர்ந்து பேசறேன். புதுசா ஒரு பொத்தான் வெச்சோமே, நீங்க தொடவே இல்லையே?"

அந்தப் பக்கம் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். அதற்கு மேல் சாம்பசிவன் கத்தினார். "அதுவா? மஞ்சளா பளபளன்னு மின்னிண்டு, இங்கே தொடவும்னு இருக்கே, அதுதானே? ஏதோ ஃப்ராடு விளம்பரம்னு நினைச்சேன் சார். இந்தக் காலத்துல அதையெல்லாம் எவனாவது தொடுவானா? எங்க பிளாட்ஸ் குரூப்ல யாருமே தொடலை. நான்தான் தொடாதீங்கோன்னு எல்லாருக்கும்..." லாரி சத்தம் நின்றது. அவரும் நின்றார். "அதாவது, பையன் பாத்துச் சொன்னான்" என்று முனகிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

செல்வமேரி சிரித்த சிரிப்பு எதிர் ஜவுளிக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். சத்யா மட்டும் சிரிக்கவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பார்வை இல்லாத ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, கண் நன்றாகத் தெரிகிற அத்தனை பேரையும் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறான். அவனை மாதிரியே ஊரும் சந்தேகப்படும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

உட்கார்ந்தவன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வேலையை ஆரம்பித்தான். பொறியை எடுத்தான். தள்ளப்பட்டவர்கள் எல்லோரையும் திரும்பச் சேர்த்தான். செல்வமேரியின் போன் அவர் மடியில் 'வரிசைக்கு நல்வரவு' என்றது. அவர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குள் சத்யாவுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. "பாய், ஒண்ணு கவனிச்சீங்களா? தலைகீழா இருந்தாலும் பொறி கச்சிதமா வேலை செஞ்சிருக்கு! தொட்டவங்க எல்லாம் பார்வை இல்லாதவங்க, தொடாதவங்க எல்லாம் நடிக்கிறவங்க. தொடாதவங்களை வெளியே அனுப்பிட்டு, இப்படித்தான் உறுதி செய்யறோம்னு தளத்துக்கு எழுதிட்டா முடிஞ்சது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் போகணும்."

"தொடாதவங்க எல்லாம் நடிக்கிறாங்கன்னு உனக்கு எப்டி தெரியும் சார்?" என்றார் செல்வமேரி. "எங்க ஆபீஸ்ல பேபின்னு ஒரு பொண்ணு கீது. பாதி தெரியும், பாதி தெரியாது. கண்ணுகிட்ட வெச்சு மஞ்சளைப் பாத்திருக்கும், பயந்து வுட்டிருக்கும். அதை எந்தப் பக்கம் தள்ளுவ?"

"ஒருத்தர் ரெண்டு பேர் தப்பறது சகஜம் மேடம். எங்க பேங்க்லயும்..."

"நான் ஏன் மெயில் போடாம நேரா வந்தேன்னு கேக்கவே இல்லியே நீ?"

சத்யா நிமிர்ந்து பார்த்தான்.

"போன வெள்ளிக்கிழமை சானடோரியம் டேசன்ல பாலம் ஏறிக்கினு இருந்தேன். ஒரு அம்மா, யாருன்னு தெரியாது, நான் கேக்காமலே வந்து என் கையைப் பிடிச்சுக்கினாங்க. வளையல் போட்ட கை. பேசிக்கினே ஏறினோம். நான் கோலை மடிச்சுப் பையில வெச்சுட்டு, இன்னொரு கையில போனை நோண்டிக்கினு இருந்தேன். உன் பொத்தான் வந்துச்சு, அமுக்கினேன். இயர்போன் ரிப்பேர், அதனால போன் சத்தமா சொல்லிச்சு. 'உங்களுக்குப் பார்வை இருக்கிறது. வணக்கம்.'" அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த அம்மா பேச்சை நிறுத்திட்டாங்க. திட்டியிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன். ஒண்ணுமே சொல்லல. கையை எடுத்துக்கினு போயிட்டாங்க. படிக்கட்டுல, பாதியில. மேல ஏறிக்கினு இருந்தவங்க, இறங்கிக்கினு இருந்தவங்க எல்லாரும் என்னை இடிச்சுக்கினு போனாங்க. அதுவரைக்கும் யாரும் இடிக்கல சார். தப்புன ஒருத்தர் ரெண்டு பேர்ல நானும் ஒருத்தி."

சத்யாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவனுக்கும் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். லேப்டாப்பை மூடினான். ரொம்ப நேரம் அதன் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு திறந்தான். தளத்தின் கேள்விக்குக் கீழே அவன் ஏற்கனவே பக்கம் பக்கமாகப் பொறியைப் பற்றி எழுதி வைத்திருந்தது தெரிந்தது. அத்தனையையும் அழித்தான். புதிதாக எழுதினான். எழுதியதைச் செல்வமேரிக்காக வாய்விட்டுத் தமிழில் சொன்னான்.

"உறுதி செய்வதில்லை. பார்வை இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் நம்புகிறோம்."

"இதை எழுதினா ஒத்துப்பாங்களாடா? ஆப்பே போயிடுமே" என்றேன்.

"போகலாம்" என்றான். "வேற எது எழுதினாலும் மறுபடி யாரையாவது சோதிக்கணும் பாய்." செல்வமேரியின் பக்கம் திரும்பினான். "அனுப்பட்டுமா மேடம்? போனா உங்களுக்குத்தான் நஷ்டம்."

அவர் யோசித்தார். புடவைத் தலைப்பை விரலால் நெருடிக்கொண்டே யோசித்தார். "அனுப்பு" என்றார்.

பத்து நாள் கழித்துத் தளத்திலிருந்து பதில் வந்தது. இந்த வருடத்துக்கு விலக்கு நீடிக்கும், அடுத்த வருடம் மறுபடி கேட்போம் என்று இரண்டு வரி. சத்யா எழுதியதை அங்கே ஒரு மனிதர் படித்தாரா, இல்லை ஏதாவது இயந்திரம் தானாக அனுமதித்துவிட்டதா என்று எனக்கு இன்னும் சந்தேகம். சாம்பசிவன் இப்போதும் ஆப்பில்தான் இருக்கிறார். எழுத்தின் நிறத்தைப் பற்றி மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பதிலை அனுப்பியதும் செல்வமேரி கிளம்பினார். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் பிடிக்க வேண்டும். அது எப்படிப்பட்ட ரோடு என்று தாம்பரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "நான் கொண்டுபோய் விடறேன்" என்று சத்யா கூடவே கிளம்பினான். எனக்கும் மனசு கேட்காமல், கடையைப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். ரோட்டோரம் வந்ததும் சத்யா சட்டென்று அவர் கையைப் பிடித்தான்.

அவர் கையை உருவிக்கொண்டார். வெடுக்கென்று இல்லை, ஆனால் உருவிக்கொண்டார்.

"சாரி மேடம், நான் சும்மா..."

"நீ என்னைப் பிடிக்கக் கூடாது சார். நான்தான் உன்னைப் பிடிக்கணும். முழங்கையில." பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும் வரை காத்திருந்து சொன்னார். "நீ பிடிச்சா, எப்ப வேணா நீ வுட்டுட்டுப் போலாம். நான் பிடிச்சா, நான்தான் வுடணும்."

சத்யா முழங்கையை மடித்துக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றான். அவர் உடனே பிடிக்கவில்லை. ஒரு தடவை சிக்னல் விழுந்து மாறியது, ஜனங்கள் எங்களைத் தாண்டிக் கடந்து போனார்கள். மறுபடி சிக்னல் விழுந்தது, அப்போதும் பிடிக்கவில்லை. சத்யா கையை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான். மூன்றாவது தடவைதான் செல்வமேரி கையை நீட்டி அவன் முழங்கையைத் தேடினார்.